மாகறல் கல்லும் என் வயிற்றெரிச்சலும்

அவளுக்கு டைட்ரேஷன் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்துக்கொண்டிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

நாங்கள் இரண்டு பேரும் காஞ்சிபுரத்திலேயே எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தோம். ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து இடம். டைட்ரேஷனில், பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு, கீழே குடுவையில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். எனக்கு அது கைவந்த கலை. அவளுக்கு எப்போதும் இரண்டு மூன்று சொட்டு தாண்டிவிடும். லேசான இளஞ்சிவப்பு வர வேண்டிய குடுவையில் அவள் ரோஸ்மில்க் கலக்கி வைத்திருப்பாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "உனக்கு எவ்ளோடி வந்துது?" என்பாள். நான் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வாள்.

இப்போது அவள் வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். வானத்திலிருந்து விழுந்த கற்களில் இருக்கும் கரிமத்தை ஆராய்கிறாள். நான் இங்கேயே ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். விவசாயிகள் கொண்டுவரும் மண்ணில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று பார்த்து அட்டையில் எழுதிக் கொடுக்கிறேன். அவளும் கரிமம், நானும் கரிமம். அவளுடையது வானத்திலிருந்து வருகிறது, என்னுடையது பட்டுக்கடைப் பையில் வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் எதை எடுத்துப்போனாலும் பட்டுக்கடைப் பைதான். தங்க எழுத்தும் லட்சுமி படமும் அச்சடித்த பைக்குள் கையை விட்டால் ஈர மண்ணும் பாதி உயிரோடு ஒரு மண்புழுவும் இருக்கும்.

என்னை யாரும் தடுக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என் மாமியார்மேல் சந்தேகப்படுவீர்கள். மேல்படிப்புக்கான விண்ணப்பம் இரண்டு பேர் கையிலும்தான் இருந்தது. "நமக்கெல்லாம் எங்கடி கெடைக்கப் போவுது" என்று நான் என்னுடையதை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். "கேட்டுத்தான் பாப்போமே" என்று அவள் அனுப்பினாள். அவ்வளவுதான் விஷயம். இதில் அழ ஒன்றுமில்லை. வயிறு எரிய நிறைய இருக்கிறது.

போன வருஷம் அவளை எங்கள் கல்லூரிக்கே பேச அழைத்தார்கள். எனக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் மிளகு அளவில் ஒரு கறுப்புத் துண்டு. "இது பூமியைவிட மூத்தது" என்று சொல்லிவிட்டுக் குப்பியை மாணவிகளிடம் சுற்றவிட்டாள். கரிமம் மிகுந்த விண்கல்லாம். சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் திரளத் தொடங்கிய காலத்துப் பொருள், அப்படியே மாறாமல் இருக்கிறதாம். அதற்குள் களிமண் மாதிரித் தாதுக்கள், அவற்றில் சிறைப்பட்ட நீர், உயிர்களின் உடம்பில் இருக்கிற அமினோ அமிலங்கள்கூட உண்டாம். புதிதாக விழுந்த சில கற்களில் தார் வாசனை வருமாம். வானத்தில் வரும் வேகத்தில் மேல்தோல் உருகி, வழவழவென்று கறுத்துப்போகுமாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நானும் கேட்டேன், வாயை இறுக மூடிக்கொண்டு.

கடைசியில் அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "ஒரு சொட்டு பிசகாம அளக்கிறது எப்படின்னு எனக்குக் காட்டினவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து ஒரு கும்பிடு போட்டேன். அவள் கொஞ்சம் திமிராகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது மாதிரி ஒரு கஷ்டம் உலகத்தில் கிடையாது. பொறாமையும் படவேண்டும், அது தப்பு என்று நம்மையே திட்டிக்கொள்ளவும் வேண்டும். இரட்டை வேலை.

மறுநாள் என் கணவர் செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் பட்டுக்கடையில் விற்பனையாளர். எந்தச் சேலையை எந்த வெளிச்சத்தில் விரிக்க வேண்டும் என்று தெரிந்தவர், எந்தச் செய்தியை எந்த நேரத்தில் காட்டக்கூடாது என்று மட்டும் தெரியாது.

"உன் ஃபிரெண்டு போட்டோ வந்துக்குது பாரு. முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்கிறது நீதானே?"

பார்த்தேன். என் முழங்கை மட்டும் வந்திருந்தது.

இந்த வருஷம் ஆனி மாதத்தில் மாகறலிலிருந்து ஓர் அக்கா எங்கள் கூடத்துக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். செய்யாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம், நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். அவர் மண்ணைச் சோதித்து நான் கொடுத்த அட்டையில் கரிமம் 'குறைவு' என்று இருந்தது. அட்டையை என் மேஜைமேல் போட்டார்.

"இன்னா மேடம் இது? எங்க மண்ணு மை மாதிரி கருகருன்னு இருக்குது. நீங்க பாட்டுக்குக் கொறைவுன்னு எழுதிக்கிறீங்க?"

"கறுப்பா இருக்கிறதெல்லாம் கரிமம் இல்லக்கா. களிமண்ணு சும்மாவே கறுப்பாத் தெரியும். சாணி, தழை, வேரு இதெல்லாம் மக்கினாத்தான் கரிமம் ஏறும். நீங்க வைக்கோலக்கூட வித்துடுறீங்க இல்ல?"

"வைக்கோல வித்தேன்னு மண்ணு வந்து உங்ககிட்ட சொல்லிச்சா?"

"ஆமாக்கா, சொல்லிச்சு."

சண்டைக்கு வந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மண்ணை அவர் வரப்போரத்தில் மேலாக வழித்து எடுத்திருப்பார் என்று சந்தேகம் வந்தது. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முறைப்படி எடுத்துச் சோதிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போனேன். அந்தப் புண்ணியம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

நிலத்தில் அங்கங்கே குழி தோண்டி, பக்கச்சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்துக்கொண்டே போர்வெல் மூலைக்கு வந்தேன். அங்கே ஒரு புங்க மரம். மரத்தடியில் பாதி மண்ணில் புதைந்த ஒரு கறுப்புக் கல். வெளியே தெரிந்த பாகம் ஒரு சாண் உயரம் இருக்கும். ஒரு மூலை முனை கிடையாது, அப்படி ஒரு வழவழப்பு. எண்ணெய் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி சாத்தியிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் கற்பூரம் எரிந்த கறை.

"இது வானத்துலேந்து வுழுந்த கல்லு மேடம்" என்றார் அந்த அக்கா. "எங்க மாமனாரு அப்டித்தான் சொல்லுவாரு. இவ இருக்கிற எடத்துல போர் போட்டோம், இன்னி வரைக்கும் வத்தல. வெள்ளிக்கிழம தவறாம வெளக்கேத்துறேன். எம்பொண்ணுக்கு மூணு தபா வயித்துல தங்காமப் போச்சு. இந்த வாட்டி இவகிட்ட வேண்டிக்கினுதான் ஏழு மாசம் ஆயிருக்குது. இவதான் பெத்துப் பொழைக்க வெச்சிக் குடுக்கணும்."

நான் அவருடைய மகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்தது வானம் ஒன்றுதான். கறுப்பு. வழவழப்பு. மேல்தோல் உருகி இப்படித்தான் ஆகும் என்று கல்லூரியில் அவளே சொன்னாளே! மண் எடுக்க வந்ததே எனக்கு மறந்துபோனது. அக்கா மோர் கொண்டுவர வீட்டுக்குப் போன நேரத்தில், கத்தியால் கல்லின் கறுப்புத் தோலை ஓரமாகச் சுரண்டி, மண் எடுத்துப்போகும் கவர் ஒன்றில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கவரைப் பிரித்தேன்.

மண்ணில் கரிமம் பார்க்கும் வழி சுலபமானது. குடுவையில் மண், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் டைக்ரோமேட் கரைசல், அதன்மேல் அடர்ந்த கந்தக அமிலம். குடுவை கையைச் சுடும். கரிமம் இருக்க இருக்க ஆரஞ்சு செலவாகிப் பச்சை ஏறும். மிச்சம் எவ்வளவு ஆரஞ்சு இருக்கிறது என்று பியூரெட் வைத்து அளந்தால் கணக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்து மண்ணுக்கு ஆரஞ்சு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். நாளெல்லாம் மங்கின ஆரஞ்சைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போயிருந்தது. இந்தக் கறுப்புத் தூளைப் போட்டேன். அமிலம் ஊற்றினேன். அப்படியே பச்சை! அளப்பதற்கு ஆரஞ்சு ஒரு துளிகூட மிச்சமில்லை. பாதித் தூள் போட்டுப் பார்த்தேன், பச்சை. அதிலும் பாதி போட்டேன், பச்சை. இத்தனை வருஷத்தில் அந்த மேஜையில் நான் அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பசியே இல்லை.

ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எடுத்தேன். அவள் பெயர்வரைக்கும் போனேன். பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவள் சந்தோஷப்படுவாள். உடனே வருவாள். கல் அவள் கூடத்துக்குப் போகும். கட்டுரையில் அவள் பெயர் மேலே இருக்கும், எனக்குக் கடைசியில் நன்றி சொல்லுவாள். மறுபடியும் எழுந்து ஒரு கும்பிடு, மறுபடியும் பேப்பரில் முழங்கை. போடி, இது என் கல். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

விண்கற்களைப் பார்க்கிற வேறொரு நிறுவனத்தின் முகவரியை இணையத்தில் தேடி எடுத்தேன். அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனசுக்குள் நாலு தடவை எழுதினேன். 'காஞ்சிபுரம் அருகே நான் கண்டுபிடித்த' என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் நின்று ருசித்தேன். ஆனால் சுரண்டின தூளை அனுப்பினால் யார் நம்புவார்கள்? துண்டு வேண்டும்.

அடுத்த ஞாயிறு அந்த அக்கா மகளை மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். அவரே ஃபோனில் சொன்னார், அட்டை தயாரா என்று கேட்க அழைத்தபோது. வீட்டிலிருந்த சுத்தியலைத் துணிப்பையில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனேன். கல்லின் பின்பக்கத்து மண்ணைத் தள்ளி, கண்ணில் படாத அடிப்பாகமாகப் பார்த்து அடித்தேன். நாலு அடிக்கு அசையவில்லை. ஐந்தாவது அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சில் தெறித்தது. மண்ணை மூடி, மேலே சருகைத் தூவினேன்.

பின்னமான கல்லுக்குப் பூஜை கிடையாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? கோயில் கோயிலாக இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். விரல் நுனி உடைந்தாலே அந்தச் சாமியை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். தெரிந்துதான் அடித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம், வானத்துக் கல்லுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தேன். வீட்டில் காந்தத்தை நூலில் கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். காந்தம் மெல்லச் சாய்ந்தது. விண்கல்லில் இரும்பு இருக்கும். எல்லாம் கூடி வருகிறது, இன்னும் என்ன வேண்டும்!

கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவளே வந்து நின்றாள். தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஊருக்கு வந்தவள், கடையில் என் கணவரைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை மூச்சு விடக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியம் ஒரு டம்ளர் காப்பி ஆறும்வரைகூடத் தாங்கவில்லை. அவளிடம் காட்டாவிட்டால் அப்புறம் எதற்கு அந்தக் கல்? துண்டை ஒரு தட்டில் வைத்து, முறுக்கு நீட்டுவதுபோல் அவள் முன்னால் நீட்டினேன்.

"இன்னான்னு சொல்லு பாப்போம்."

அவள் கைப்பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நான் வானம், மாமனார், டைக்ரோமேட், காந்தம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் முகம் மாறியது. உதடு லேசாகக் கோணி, கண் என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்தது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அது. ஆகா, வந்தாயா வழிக்கு! பொறாமை! அவளுக்கு என்மேல்!

"அந்தக் கல்ல நாளைக்குப் பாக்கலாமாடி?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, தாராளமா" என்றேன். அன்றைக்கு ரசத்தில் நெய் கூடிப்போய்விட்டது என்று என் கணவர் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் மாகறலுக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவள் பேசவில்லை. எனக்கு அதுவும் இனித்தது. நிலத்தில் யாரும் இல்லை. அவள் புங்க மரத்தடியில் முட்டி போட்டு, கல்லின் பின்பக்க மண்ணைக் கையால் தள்ளினாள். நான் உடைத்த இடம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு சின்ன இரும்புக் குச்சியால் அதைக் கிளறி, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கல்லின் மேல்தோலை விரலால் தேய்த்து மோந்துபார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டாள்.

"டெஸ்டுக்குக் கல்ல அரைச்சியா, மேல சொரண்டினியா?"

"சொரண்டினேன். ஏன்?"

"எண்ணெய்டி. வாரா வாரம் ஊத்தின எண்ணெய், கற்பூரப் புகை, எல்லாம் படிஞ்சு தோலாவே ஆயிருக்கு. அது அத்தனையும் கரிமம். பச்சையாகாம என்ன பண்ணும்? விண்கல்லுல இருக்கிற கரிமம் உன் டைக்ரோமேட்டுக்கு இவ்ளோ சுலபமா மசியாது. உள்ளே சாதாரணக் கருங்கல்லு. கருங்கல்லுலயும் கொஞ்சம் காந்தம் இழுக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "இது ஆட்டுக்கல் குழவிடி. உடைஞ்சு போனதைத் தலைகீழா நட்டிருக்காங்க. அரைச்சு அரைச்சுத்தான் இந்த வழவழப்பு."

நான் பார்த்தேன். குழவிதான். பள்ளிக்கூடம் போகிற வயசில் தினமும் சாயந்திரம் நான் பிடித்து மாவாட்டிய அதே உருவம். ஒரு தமிழச்சி குழவியைப் பார்த்து நட்சத்திரத்திலிருந்து வந்தது என்று நினைத்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"துண்டப் பாத்ததுமே தெரிஞ்சுது. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல. ஒருவேளை பெரிய கல்லுல வேற எதாச்சும் இருக்குமான்னு..."

அப்படியானால் நேற்று அவள் முகத்தில் நான் பார்த்தது பரிதாபம். ஒரு ராத்திரி முழுக்க நான் நெய் ஊற்றிக் கொண்டாடியது அவளுடைய பரிதாபத்தை. அதைவிட அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

"யாரு அது?"

அந்த அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணமும் பூவும். கிட்டே வந்தவர் கல்லைப் பார்த்தார், உடைந்த இடத்தைப் பார்த்தார், மண்ணில் உட்கார்ந்திருந்த அவள் கையிலிருந்த இரும்புக் குச்சியைப் பார்த்தார். கிண்ணம் கை நழுவி எண்ணெய் மண்ணில் கொட்டியது.

"ஐயையோ! ஒடைச்சிட்டீங்களா? எம்பொண்ணு ஏழு மாசமா இருக்குதும்மா... எவ ஒடைச்சது?"

அவள் எழுந்து நின்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான்தாங்க. ஆராய்ச்சிக்காக ஒடைச்சேன். பெரிய தப்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம், பொய் சொல்வானேன், அப்பாடா என்றிருந்தது. அந்த அக்கா பொரிந்து தள்ளினார். படிச்சவ செய்யற வேலையா இது, உன் வீட்டு சாமிய யாராச்சும் ஒடைச்சா சும்மா வுடுவியா, எம்பொண்ணுக்கு எதனா ஆச்சின்னா நீ வந்து பதில் சொல்லுவியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒரு இடத்தில்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க எனக்குள்ளே பழைய நெருப்பு பற்றிக்கொண்டது. திட்டு வாங்குவதில்கூட எவ்வளவு அழகாக நிற்கிறாள் பார்! படிப்பு அவளுக்கு, பேர் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கு. நான் செய்த பாவத்தையுமா அவளே எடுத்துக்கொள்ள வேண்டும்?

"அவ இல்லக்கா. நான்தான் ஒடைச்சேன்" என்றேன். என் குரல் சண்டை போடுகிற குரலாக இருந்தது. "போன ஞாயித்துக்கிழம. நீங்க ஸ்கேனுக்குப் போனப்ப. சுத்தியால."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இறங்கி, முகம் கனிந்தது.

"ஃபிரெண்டுக்கோசரம் நீங்க பழி ஏத்துக்காதீங்க மேடம். உங்கள எனக்குத் தெரியாதா? எவ்ளோ நல்ல மனசு உங்களுக்கு!"

அந்த ஒரு தடவை என்னை அவளுக்கு மேலே வைத்து ஒருத்தர் பேசினார். அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் அது எனக்கே எனக்கு. வாங்கிக்கொள்ளலாமா என்று நான் யோசித்தது நிஜம். அதற்குள் அவள் முந்திக்கொண்டு, "ஆமாங்க, இவ எப்பவும் எனக்காக இப்படித்தான்" என்றாள். பொறுக்கவில்லை. பர்ஸைத் திறந்து துண்டை எடுத்தேன். முட்டி போட்டு, உடைந்த இடத்தில் வைத்தேன். இம்மி பிசகாமல் பொருந்தியது. துண்டைச் சுற்றியிருந்த காகிதத்தில் என் கையெழுத்தில் தேதி இருந்தது. அட்டையில் அவர் பார்த்த அதே கையெழுத்து.

அக்கா திட்டவில்லை. குனிந்து கல்லின்மேல் இருந்த பழைய அரளியை எடுத்தார். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது வெறும் குழவியாகிக்கொண்டே வந்தது.

"எம்மண்ணுல ஒண்ணுமில்லன்னு எழுதினீங்க. செரின்னு கேட்டுக்கினேன்" என்றார் என்னிடம். "எனுக்குன்னு இது ஒண்ணு இருந்துது."

கொண்டுவந்த புதுப் பூவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வரப்பில் திரும்பி நடந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் கூடத்துக்கு வரவில்லை. மறுபடி சோதித்த அட்டை என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. அதிலும் குறைவுதான். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதா என்று தெரியவில்லை. ஃபோன் நம்பர் இருக்கிறது, கேட்க முகம் இல்லை. மாகறலிலிருந்து யாராவது மண் கொண்டுவந்தால் பேச்சுவாக்கில் விசாரிக்கலாம் என்று வாயெடுப்பேன், பிறகு எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

அன்றைக்குத் திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள் அவள். இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"எதுக்குடி சொன்னே? நான் ரெண்டு நாள்ல போயிடுவேன். அந்தக் கெட்ட பேரும் என்னோடயே போயிருக்கும். நீ இங்கதானே இருந்தாகணும்?"

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினு போயிட்டா," என்றேன், "எனக்குன்னு இன்னாடி இருக்குது?"